நாலு சகலையும் ரெண்டு சீட்டும்

ரெண்டே சீட் உள்ள காரை நாலு மருமகன்களுக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டுப் போன மனிதரைத் தாராள மனசுக்காரர் என்று நீங்கள் சொல்லலாம். உங்களுக்கு அவர் மாமனார் இல்லை.

சோப்புக் கடைக் குலுக்கலில் விழுந்த கார் அது. அவர் வாங்கினது ஒரே ஒரு சோப்பு. அதையும் வாசனை பிடிக்கவில்லை என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். குலுக்கல் சீட்டை மட்டும் கொடுக்கவில்லை. பல் எல்லாம் போன வயசில் வீட்டு வாசலில் வந்து நின்றது ஸ்போர்ட்ஸ் கார். செக்கச்செவேல் என்று, தரையோடு தரையாக, யானை மிதித்த செருப்பு மாதிரி. எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"நாலு பேரும் ஒரே வார்த்தை சொன்னாத்தான் வண்டி நகரணும். ஒருத்தர் முடியாதுன்னாலும் நிக்கணும். புரிஞ்சுதா மாப்பிள்ளைகளா?"

சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். சத்தமே வராது, தோள் ரெண்டும் மட்டும் குலுங்கும். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சடைப்பு என்று டாக்டர் எழுதினார். சிரிப்பு அடைத்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

நாலு பேரில் மூத்தவன் நான். லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுக்க நான் மேலேயும் கீழேயுமாகப் போன தூரத்தைப் படுக்கப் போட்டால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை மடித்து வைக்கலாம். ஆனால் முன்னால் போனது கொஞ்சம்தான். என் பெண்டாட்டியின் பழைய குட்டிக் காரை ஓட்டியிருக்கிறேன், அதுவும் அவள் சொன்ன கியரில்.

அடுத்தவர் பல் டாக்டர். அவர் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில்தான் கார் நின்றது. சாவி அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் இருக்கும். சாவியைச் செருக வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பும் என்ற ரகம். அதனால் யார் ஓட்டினாலும் பக்கத்துச் சீட் அவருக்குத்தான். மூன்றாமவர் தையற்காரர். கடைசி ஆள் ஜிம் வைத்திருக்கிறார். அவரை எல்லோரும் ஜிம் என்றே கூப்பிடுவோம். ஒருத்தர் ஓட்டி, ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தால், மீதி ரெண்டு பேரும் ஸ்கூட்டரில் பின்னால் வந்து கத்துவார்கள். இதுதான் ஏற்பாடு.

கார் மட்டும் சாதாரணமாக இருந்திருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. ஸ்டியரிங்கில் ஒரு திருகு இருந்தது. திருப்பினால் நார்மல், மழை, ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ், இண்டிவிஜுவல் என்று திரையில் ஒவ்வொன்றாக வரும். ரெண்டு சீட்டுக்கும் நடுவில் தனியாக இன்னொரு பொத்தான். அதில் ஒரு குட்டிக் காரும் அதன் பின்னால் ரெண்டு பாம்பு நெளிகிற மாதிரிப் படமும். அது டிராக்‌ஷன் கண்ட்ரோல். சக்கரம் வழுக்கினால் இன்ஜினைப் பிடித்து அடக்கும். தட்டினால் பாதி அடக்கம், அமுக்கிப் பிடித்தால் முழுசாக விட்டுவிடும். எங்கள் மாமியார் உயிரோடு இருந்தபோது மாமனாரை இப்படித்தான் வைத்திருந்தார்.

பல் டாக்டருக்கு எப்போதும் மழை மோட்தான். வெயில் மண்டையைப் பிளந்தாலும் மழை மோட். "அண்ணே, ஈரம் எங்க இருக்கும்னு பாத்தா தெரியாது. எத்தனை வாயைப் பாத்திருக்கேன்" என்பார். ஜிம்முக்கு ஸ்போர்ட் பிளஸ், கூடவே டிராக்‌ஷன் கண்ட்ரோல் முழுசாக அணைந்திருக்க வேண்டும். "வண்டிக்கு பெல்ட் கட்டி ஓட்டுறதுக்கு வண்டியே வேணாம், சகலை. கட்டில்ல படுத்துக்கலாம்" என்பார். தையற்காரருக்கு இண்டிவிஜுவல். ஸ்டியரிங் இவ்வளவு தளர்வு, சஸ்பென்ஷன் இவ்வளவு மெத்து, இன்ஜின் இவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றையும் ஆளுக்குத் தகுந்த மாதிரி வைக்க வேண்டும் என்பார். ஒருமுறை என் தொடையை டேப் வைத்து அளந்து பார்த்து, "உங்களுக்கு ஆக்சிலரேட்டரை அரை இஞ்ச் பிடிச்சு விடணும்ணே" என்றார்.

எனக்கு எந்த மோடும் சம்மதம். வண்டி நகர்ந்தால் போதும்.

நகர்ந்ததா? காலையில் கூடுவோம். மத்தியானம் வரை பேசுவோம். ஒருவழியாக, ஒருத்தர் தொண்டை கட்டி, ஒருத்தர் பசி வந்து, நாலு பேரும் ஒரு மோடுக்குச் சம்மதிப்போம். திருப்பி வைப்போம். பார்த்தால் கொஞ்ச நேரத்தில் திரையில் நார்மல் என்று இருக்கும். யாருமே கேட்காத நார்மல்!

"யாரு மாத்தினது?"

இந்தக் கேள்வியில் குடும்பம் நாலாக உடைந்தது. ஆளில்லாத நேரத்தில் யாரோ வந்து திருகுகிறார்கள் என்று ஆளாளுக்குச் சந்தேகம். தையற்காரர் ஷெட் வாசலில் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத நூல் கட்டினார். அதில் அவரே தடுக்கி விழுந்தார். ஜிம்முக்குத் தைத்த கால்சட்டையில் ஒரு கால் ஒரு சாண் நீளமாக வந்தது. கேட்டதற்கு, "நீங்க கேட்ட ஸ்போர்ட் பிளஸ்ல தைச்சிருக்கேன். வளைவுல திரும்பும்போது சரியாயிரும்" என்றார். ஜிம் அதைப் போட்டுக்கொண்டே ஒரு மாதம் நடந்தார். ஆள் வட்டமாகத்தான் போவார், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பல் டாக்டர் ஒரு படி மேலே போனார். பல்லுக்கு அச்செடுக்கிற மாவைக் குழைத்து, காரில் இருக்கிற ஒவ்வொரு பொத்தானிலும் அப்பி, கைரேகையை அச்செடுத்தார். அத்தனையிலும் ஒரே கட்டைவிரல். அவருடையது.

"நான்தான் அச்செடுத்தேன், என் விரல் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். நாங்களும் ஒத்துக்கொண்டோம். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற வியாதி எங்கள் குடும்பத்தில் உண்டு.

கடைசியில் அக்கா தங்கைகள் நாலு பேரும் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போவதை நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டில், "உங்க காரு" என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியம் படுக்கப் போகும் வரை முடியாது.

நான் சொல்லவந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையை.

மறுநாள் என் லைசென்ஸ் காலாவதி. கண்ணில் புரை, அந்த வாரமே ஆபரேஷன். இனிமேல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன், லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்று பெண்டாட்டி என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கார் வந்ததிலிருந்து என் முறை வந்தபோதெல்லாம் பேச்சிலேயே பொழுது போனது. ஷெட்டை விட்டு ஒருமுறைகூட நான் ஓட்டிக்கொண்டு வெளியே போகவில்லை. இந்த ஞாயிறை விட்டால் இல்லை.

"இன்னிக்காவது ஓட்டிட்டு வந்துருங்க" என்றாள் காலையில், என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே. "இல்லாட்டி ஆபரேஷன் முடிஞ்சு கட்டைப் பிரிக்கிறப்போ முதல்ல என் மூஞ்சியப் பாக்க மாட்டீங்க, அந்தக் காரைத்தான் தேடுவீங்க. எனக்கு அந்தக் கேவலம் வேணாம்."

அவளும் கூட வந்தாள். நான் திரும்பி வருவதை நம்பாமலா, போவதை நம்பாமலா என்று கேட்கவில்லை.

முந்தின நாள் நல்ல மழை. கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற காலி இடம் முழுக்கச் சேறு. காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஓட்டி எடுத்தால் எந்த மோடில் எடுத்தது என்று சண்டை வரும் என்பதால் ஜிம் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நம்பாவிட்டால் போங்கள். வண்டி நின்ற இடம்தான் வம்பு. பின்சக்கரம் ரெண்டும் சேற்றுக் குழியில்.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட, விழுந்தேன் என்பது சரி. பக்கத்தில் பல் டாக்டர். தையற்காரரும் ஜிம்மும் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டினார்கள். பெண்டாட்டி கைப்பையை அணைத்துக்கொண்டு கிளினிக் படியில் நின்றாள்.

"சேறு இருக்கு. மழை மோட்" என்றார் பல் டாக்டர்.

"சேறு இருக்குங்கறதாலதான் டிராக்‌ஷனை அணைக்கச் சொல்றேன்" என்றார் ஜிம்.

"அண்ணன் உடம்புக்கு எது சரின்னு யாராவது யோசிச்சீங்களா? இடுப்பு முப்பத்தெட்டு" என்றார் தையற்காரர்.

"என் இடுப்பை விடுங்கய்யா" என்றேன். "உங்க எல்லார் கால்லயும் விழறேன். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"இவ்வளவு கீழ உக்காந்துக்கிட்டு எங்க கால்ல எப்படி விழுவீங்க அண்ணே? மேல ஏறி வந்துல்ல விழணும்" என்றார் ஜிம்.

படியிலிருந்து பெண்டாட்டி குரல் வந்தது. "ஏங்க, ஒரு காரைக் கிளப்ப இவ்வளவு பேச்சா? எங்கப்பா உங்க நாலு பேருக்கும் பொண்ணு குடுக்கறதுக்குக்கூட இவ்வளவு யோசிக்கலையே!"

"அதான் அக்கா பிரச்சனை" என்றார் தையற்காரர்.

நெடுநேரம் போனது. வெயில் ஏறி, இறங்க யோசித்தது. கடைசியில் என் மேல் இரக்கப்பட்டோ, என்னைப் பார்க்கச் சகிக்காமலோ, மூன்று பேரும் மழை மோடுக்குச் சரி என்றார்கள். இன்ஜின் உறுமியது. திருகைத் திருப்பினேன். திரையில் குட்டிக் குடை வந்தது. காலை வைத்து அமுக்கப் போகிறேன், அப்போது ஜிம், "ஆனா ஒண்ணு..." என்று வாயைத் திறந்தார்.

இன்ஜின் நின்றது.

இந்த இடத்தில் பல் டாக்டரின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது நோயாளி பேச வாயசைத்தால் உடனே மெஷினை நிறுத்துவார். நல்ல டாக்டர் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் இவருக்கு அது எலும்பில் ஊறிப்போனது. வீட்டில் யாராவது வாயைத் திறந்தால் மிக்சியை நிறுத்துவார், டிவியை நிறுத்துவார், ஃபேனை நிறுத்துவார். தான் நிறுத்துவது அவருக்கே தெரியாது. அவர் வீட்டில் வெயில் காலத்தில் யாரும் பேசுவதில்லை.

அன்றைக்குத்தான் நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, என் மூக்குக்குக் கீழேயே, அந்தக் கை போவதைப் பார்த்தேன். ஜிம் வாயைத் திறந்தார், டாக்டரின் கட்டைவிரல் மெதுவாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது, இன்ஜின் நின்றது. ஜிம் வாயை மூடினார்; அதே விரல் மறுபடி அமுக்கியது; இன்ஜின் உறுமியது. திரையில் குடை இல்லை.

நார்மல்.

அணைத்துப் போட்டால் அந்தக் கார் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஒருத்தரும் திருட்டுத்தனமாக வரவில்லை, ஒருத்தரும் திருகவில்லை.

"பாத்தியா, பாத்தியா! யாரு மாத்தினது?" என்று தையற்காரர் குதித்தார். அதற்கும் அந்த விரல் ஒருமுறை அணைத்துப் போட்டது.

இதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, கால்சட்டையைத் திருப்பித் தைப்பது யார் பொறுப்பு என்று பேச இன்னொரு ஞாயிறு ஆகும். எனக்கு இன்னொரு ஞாயிறு இல்லை. ஜிம்மைப் பார்த்தேன். மறுபடி வாயைத் திறக்கப் பார்த்தார்.

பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "தம்பி," என்றேன் பல் டாக்டரிடம். "ஜிம்முக்குப் பின்னால கடைசிப் பல்லு கறுத்தாப்ல இருக்கே? என் கண்ணுக்கே தெரியுது. புரை விழுந்த கண்ணு."

பல் டாக்டர் விறைத்தார். வேட்டை நாய்க்கு வாடை அடித்த மாதிரி. "எந்தப் பக்கம்?" என்று கதவைத் திறந்து இறங்கினார், வெள்ளைக் கோட்டோடு, கோட்டுப் பையில் சாவியோடு. "திறங்க. இன்னும் பெருசா. நாக்கை உள்ள இழுங்க."

"ஆ... எனக்கொண்ணும் இல்... ஆ..."

"பேசாதீங்க!"

தையற்காரர் தன் அளவு டேப்பைக் கொடுத்தார், பல்லை அளக்க.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவி வெளியே போய்விட்டது என்று கார் கீச்சுக்கீச்சென்று கத்தியது, ஆனால் நிற்கவில்லை. நின்றால் மறுபடி கிளம்பாது, அது எனக்குத் தெரியும். பெண்டாட்டியைப் பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து அவளுக்குக் கண்ணால் சொல்லிப் புரிந்தது அது ஒன்றுதான். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் தத்தித் தத்தி வந்து பக்கத்துச் சீட்டில் தொப்பென்று விழுந்தாள்.

"என்னங்க இது, குழிக்குள்ள இறக்குற மாதிரி இருக்கு! கதவு எங்க?"

மழை மோடுக்குத் திருப்பினேன். அமுக்கினேன். வண்டி முனகியது. பின்சக்கரம் வழுக்கினதும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இன்ஜினின் குரல்வளையைப் பிடித்தது. அமுக்க அமுக்க முனகல்தான். திரையில் பாம்புப் படம் மின்னியது. ஒரு விரற்கடை நகரவில்லை. வெளியே ஜிம்மின் வாய் மூடுகிற மாதிரி இருந்தது.

"என்னங்க, போகலையா?"

"போகுது, போகுது."

"எங்க போகுது? எல்லாம் அங்கயேதான் இருக்கு. கிளினிக்கு, படி, உங்க சகலைங்க. எதையாவது அமுக்குங்களேன்! லிஃப்ட்ல வேலை பாத்த மனுஷனுக்கு பொத்தான் அமுக்கத் தெரியாதா?"

சலித்துக்கொண்டு அவள் கைப்பையை நடுவில் பொத்தென்று வைத்தாள். அந்தக் கைப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குள் என் மருந்து, அவள் மருந்து, குடை, டார்ச், தண்ணீர் பாட்டில், அக்கா தங்கைகள் நாலு பேர் வீட்டுப் பூட்டுச் சாவிகள், ஒரு சுத்தியல். சுத்தியல் எதற்கு என்று நான் கேட்டதில்லை. அந்தப் பை அந்தப் பாம்புப் பொத்தானின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை.

திரையில் பாம்பு அணையாமல் நின்று எரிந்தது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் முழுசாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகப் பார்க்க எனக்கு நேரமில்லை. பின்சக்கரம் ரெண்டும் குழியில் இருந்த சேற்றை அப்படியே அள்ளி வானத்துக்கு அனுப்பின. சேறு போனதும் அடியில் இருந்த தரை கிடைத்தது. கார் பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டி, கிளினிக் கேட்டைத் தாண்டி, தெருவில் வந்து நேராக நின்றது. நான்தான் நேராக்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். சேற்றில் பிடித்து வைத்த மூன்று உருவங்கள். நடுவில் ஒன்றுக்கு இன்னும் வாய் திறந்திருந்தது.

"பையை எடு," என்றேன். "அந்தப் பொத்தானைத் திருப்பித் தட்டு."

தட்டினாள். பாம்பு அணைந்தது. மழை மோடில் பதமாகப் போனேன். ஊரைச் சுற்றுகிற பெரிய ரோட்டில் ஏறினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் ஒன்று கடந்து போனது. எங்களுக்கு அதன் வயிறுதான் தெரிந்தது. ஸ்டியரிங் கையில் துடித்தது. சக்கரத்துக்கு அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் என்னிடம் பேர் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக, முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் கைப்பையைக் கீழே காலடியில் விட்டுவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன, தலை சுத்துதா?"

"இல்ல. அதுல ஸ்போர்ட்டுன்னு ஒண்ணு சொல்வீங்களே."

"ஆமா."

"அதைத்தான் ஒரு தடவை திருப்புங்களேன். யாரும் பாக்கலை."

தூறல் விட்டு, ரோடு காய்ந்திருந்த இடத்தில் திருப்பினேன். கார் ஒரு மூச்சு இழுத்து, அடிவயிற்றிலிருந்து கர்ஜித்தது. முதுகு சீட்டோடு ஒட்டியது. என் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பயந்து போய்ப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. தோள் ரெண்டும் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் அதே இடத்தில் காய்ந்துபோய் நின்றார்கள். சேறு இறுகிப் போய், பேசினால் முகம் விரிசல் விட்டது.

"எந்த மோட்ல போனீங்க?" என்றார் பல் டாக்டர் முதல் கேள்வியாக. உயிரோடு வந்தீர்களா என்று ஒரு மனுஷன் கேட்கவில்லை.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்றார் தையற்காரர்.

இனி எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே, இன்ஜின் ஓட ஓட, மெதுவாகச் சொன்னேன். "யாரும் மாத்தலை. எப்பவும் மாத்தலை. அணைச்சா அது மறந்துரும். அணைக்கிறது யாருன்னு மட்டும் நீங்களே பாத்துக்குங்க."

"அணைக்கிறதா? யாரு அணைக்கிறா?" என்றார் ஜிம்.

ஜிம் வாயைத் திறந்ததும் பல் டாக்டரின் கை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. என் மூக்கை உரசிக்கொண்டு போய், பொத்தானை அமுக்கியது. இன்ஜின் நின்றது.

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். பல் டாக்டரும் அதைப் பார்த்தார், வேறு யாருடையதோ மாதிரி.

"நானா?" என்றார்.

மற்றதை நான் கேட்கவில்லை. கேட்க முடிந்திருக்காது, மூன்று பேரும் சேர்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று பேரும் காரைப் பார்க்காமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொள்வதே பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். என் பெண்டாட்டி கைப்பையிலிருந்து மூன்று தங்கச்சி வீட்டுச் சாவியையும் வெளியே எடுத்து, "போறப்போ அப்படியே மூணு பேர் வீட்டுக்கும் போயிட்டுப் போயிரலாம்" என்றாள். காரிலிருந்து என்னை வெளியே இழுத்துவிட ரெண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அந்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் மூன்றாவது மாடியில். லிஃப்டுக்குள் ஏறினேன். எண் போட்ட பொத்தான்கள் வரிசையாக இருந்தன. மூன்றை அமுக்கினேன். கதவு மூடிக்கொண்டது. மூன்றுக்குப் போனது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லாவே இல்ல, இல்லீங்க?" என்றாள் அவள்.

"சப்புன்னு இருக்கு" என்றேன்.